வரப்பு தாண்டாத திருத்தம்



பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வயலையும் அடுத்த வயலையும் பிரிப்பது வரப்பு. கணிப்பொறிக் கோப்புகளிலும் இப்படி வரப்புகள் உண்டு. ஒரு வரியில் பல செய்திகளை எழுதி, நடுவே முக்காற்புள்ளி இட்டுப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதியும் ஒரு 'புலம்' எனப்படும். யூனிக்ஸ் இயக்கமுறையில் பயனாளர் பட்டியலே இப்படி ஏழு புலங்களாக எழுதப்பட்டதுதான்.

2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஓசூர் வட்டம் புதிய மாவட்டத்துக்குப் போயிற்று. பாலக்கோடு பழைய மாவட்டத்திலேயே நின்றது. அப்போது ஒரு கோப்பில் ஊர், வட்டம், மாவட்டம் என்ற வரிசையில் இவ்வாறு இருந்ததாகக் கொள்வோம்:

பாகலூர்:ஓசூர்:தருமபுரி
மாரண்டஅள்ளி:பாலக்கோடு:தருமபுரி
தருமபுரி:தருமபுரி:தருமபுரி

இதைத் திருத்த 'செட்' என்ற கருவி உதவும். பெல் ஆய்வுக்கூடத்தில் லீ மக்மஹோன் 1973-74இல் உருவாக்கியது இது. மாற்றுவதற்கான ஏவல் ஆங்கில எழுத்து எஸ். அவசரக்காரர் இப்படி எழுதுவார்:

எஸ்/தருமபுரி/கிருஷ்ணகிரி/

விளைவு என்ன? ஒவ்வொரு வரியிலும் முதலில் வரும் 'தருமபுரி' மாறிவிடும். மாரண்டஅள்ளி மாவட்டம் மாறிப் போகும். தருமபுரி நகரின் பெயரே கிருஷ்ணகிரி ஆகிவிடும்! கணிப்பொறியோ பிழை என்று ஒரு சொல் சொல்லாது. சொன்னதைச் செய்துவிட்டது அல்லவா?

சரியான ஏவல் இது:

எஸ்/^\([^:]*:ஓசூர்:\)தருமபுரி$/\1கிருஷ்ணகிரி/

பார்த்து மிரள வேண்டாம். ^ என்பது வரியின் தொடக்கம். $ அதன் முடிவு. [^:] என்றால் முக்காற்புள்ளி அல்லாத ஏதேனும் ஓர் எழுத்து. * என்றால் முன்னுள்ளது எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆகவே [^:]* என்பது முதற்புலம் முழுவதும். \( \) இரண்டுக்கும் நடுவே பொருந்தியதைச் செட் நினைவில் வைத்து, \1 என்ற இடத்தில் அப்படியே திருப்பித் தரும். எனவே பாகலூர் வரி மட்டுமே மாறும்.

"எந்த எழுத்தும்" என்பதற்குப் புள்ளி இருக்கிறதே, .* என்று எழுதினால் போதாதா என்று கேட்கலாம். பாகலூர் வரியில் முதற்புலத்தை நீக்க முயன்று பாருங்கள்:

எஸ்/^.*:// தருவது — தருமபுரி
எஸ்/^[^:]*:// தருவது — ஓசூர்:தருமபுரி

.* பேராசை பிடித்தது. இயன்ற மட்டும் விழுங்கும். வரப்பு தாண்டிய ஆடுபோல் கடைசி முக்காற்புள்ளி வரை மேய்ந்துவிட்டது. [^:]* முதல் வரப்பிலேயே நின்றது. எதைத் தேடுவது என்பதோடு, எதைத் தாண்டக் கூடாது என்பதையும் சொன்னால்தான் திருத்தம் சரியாகும்.

ஓர் ஆறுதல்: செட் வழக்கமாக மூலக் கோப்பைத் தொடாது, திருத்திய வரிகளைத் திரையில் மட்டும் காட்டும். பார்த்துச் சரி என்றால் வேறு பெயரில் சேமியுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி: மூன்று வரிகளிலும் நடுப்புலத்தை மட்டும் வெறுமையாக்க ஏவல் எழுதுங்கள். இரு வரப்புகளும் அழியாமல் இருக்க வேண்டும்!