மரியாதையும் ஒரு மருந்துதான்!

ஆஸ்பத்திரி வார்டு. டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது. நோயாளியின் மகன் நர்ஸைப் பார்த்துக் கத்துகிறார்: "ஏம்மா, கண்ணு தெரியலையா? எதுக்கு சம்பளம் வாங்கறே?" நர்ஸ் ஓடி வந்து பாட்டிலை மாற்றுகிறார். 'சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது' என்று மகனுக்கு ஒரே திருப்தி!

வேலை நடந்தது சரி. ஆனால் அந்தச் சொல் நர்ஸின் மனசைவிட்டுப் போகுமா? அடுத்து அவர் கையில் எடுப்பது உங்கள் அப்பாவின் ஊசி மருந்தாகவே இருக்கலாம்.

இஸ்ரேலில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2015-ல் வெளியானது. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் டாக்டர், நர்ஸ்கள் அடங்கிய 24 குழுக்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். குறைமாதக் குழந்தைக்குக் குடல் நோய் திடீரென்று முற்றுவது போல ஓர் ஒத்திகை. சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணராக வந்தவர் அவர்களின் தரத்தை மட்டம் தட்டிப் பேசினார். திட்டவில்லை, அடிக்கவில்லை. லேசான அலட்சியம், அவ்வளவுதான்!

அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டன. காரணம்? தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்வது குறைந்தது. உதவி கேட்பதும் குறைந்தது.

வீட்டிலும் இதே கதைதான். எதைச் சொன்னாலும் எரிந்து விழும் குடும்பத்தில், "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதும்மா" என்று சொல்ல மாமியார் தயங்குவார். 'காலையில பார்த்துக்கலாம்' என்று படுத்துவிடுவார். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அந்தத் தயக்கம் உயிருக்கே உலை வைக்கலாம்.

அப்படியானால் நாகரிகம் என்பது வாயை மூடிக்கொண்டு இருப்பதா? இல்லவே இல்லை. தவறு நடந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால்...

• ஆளைத் திட்டாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்.

• நர்ஸ் மருந்து அளக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள்.

• பெரியவர்களோ குழந்தைகளோ உடம்பு சரியில்லை என்றால், "உனக்கு வேற வேலையில்ல" என்று சொல்லாதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

• கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டதா? "மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

"சிஸ்டர், டிரிப்ஸ் தீர்ந்துடுச்சு, கொஞ்சம் வந்து பாருங்க." கத்துவதைவிட இதற்கு ஒரு நொடிகூட அதிகம் ஆகாது. பாட்டிலும் மாறும், மாற்றுகிற கையும் நடுங்காது!