கோழியின் ஜாதியும் முட்டை ஓட்டின் நிறமும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த கிராமங்களில் பயிர்த் தொழிலுக்கு அடுத்தபடியாகக் குடும்பச் செலவுக்குக் கைகொடுப்பவை கறவை மாடும் புறக்கடைக் கோழியுமே. பழுப்பு நிற முட்டையை நாட்டு முட்டை என்று எண்ணிப் பட்டணத்தார் அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர். ஆகையால் முட்டையை வாங்கி விற்கும் கூட்டுறவுச் சங்கத்தாரும், குஞ்சு வாங்கும் அங்கத்தினரும், நிறத்தினால் அறியக்கூடியது எது, அறியக்கூடாதது எது என்று தெளிவாய் உணர்ந்திருத்தல் அவசியம்.

1. நிறம் உண்டாகும் விதம்

கருவானது முட்டைக் குழாயில் இறங்கி, முழு முட்டையாக வெளிவருவதற்கு 24 முதல் 26 மணி நேரம் செல்லும். இதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு உண்டாவதற்கே ஆகிறது. ஓட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தாகும். அது இயல்பாகவே வெண்மையானது. பழுப்பு முட்டையிடும் ஜாதிகளில் கடைசிச் சில மணி நேரத்தில் புரோட்டோபார்பிரின் என்னும் வர்ணப் பொருள் ஓட்டின் மேற்புறத்தில் படிகிறது. பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தை நோக்கினால் அது வெளுப்பாயிருப்பதற்குக் காரணம் இதுவே.

தென் அமெரிக்காவில் சில்லி தேசத்து அரோகானா கோழியும், சீன தேசத்து டோங்சியாங் கோழியும் நீல முட்டையிடுபவை. பிலிவெர்டின் என்னும் பொருளால் உண்டாகும் இந்நீலம் ஓட்டின் உட்புறம் வரையில் ஊடுருவி நிற்கும். பூர்வத்தில் ஒருவகை வைரஸ் கிருமியின் அம்சம் கோழியின் மரபணுவில் புகுந்து நிலைத்ததே இதற்குக் காரணம் என்று 2013-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

ஆகவே ஓட்டின் நிறம் பிறப்பினால் வருவது, தீனியினால் வருவதன்று. வெள்ளை முட்டையிடும் கோழிக்கு எதைத் தின்னக் கொடுத்தாலும் அது பழுப்பு முட்டை இடாது. மஞ்சட் கருவின் நிறமோ இதற்கு மாறானது. கீரையும் பசும்புல்லும் மக்காச்சோளமும் தின்னும் கோழியின் கரு நல்ல மஞ்சளாயிருக்கும்.

2. ஜாதிகளை அறியும் லட்சணங்கள்

அசில் என்னும் சண்டைக் கோழி நிமிர்ந்த தோற்றமும், நீண்ட கழுத்தும், வலுத்த கால்களும், சிறிய கொண்டையும் உடையது. முட்டை குறைவாகவே இடும். ஆயினும் அடைகாத்துக் குஞ்சுகளைக் காப்பதில் சிறந்தது. நம் பக்கத்துச் சிறுவிடை, பெருவிடைக் கோழிகளும், கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழியும் வெளிர் பழுப்பு அல்லது சந்தன நிற முட்டையிடுபவை. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பிரதேசத்தின் கடக்நாத் கோழிக்குத் தோலும் மாமிசமும் கறுத்திருக்கும்; முட்டையோ வெளிர் நிறமுள்ளது. கடக்நாத் முட்டை கறுப்பு என்று சொல்லி விற்பவரை நம்பலாகாது.

இத்தாலி தேசத்து வெள்ளை லெகார்னுக்குக் காது மடல் வெளுத்திருக்கும்; முட்டையும் வெண்மை. நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் வெள்ளை முட்டைகள் இவ்வம்சத்துக் கோழிகளுடையவை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு ரெட் கோழிக்குச் செந்நிற இறகும் சிவந்த காது மடலும் உண்டு, முட்டை பழுப்பு. வெண்மடலுக்கு வெள்ளை முட்டை, செம்மடலுக்குப் பழுப்பு முட்டை என்பது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் இங்கிலாந்தின் டார்க்கிங் போல விலக்குகளும் உள.

3. சங்கத்தார் ஏமாறும் இடம்

கூண்டிலோ கொட்டகையிலோ வளரும் கலப்பின ஜாதிகளிலும் பழுப்பு முட்டையிடுபவை உண்டு. எனவே பழுப்பு நிறம் ஒன்றே நாட்டுக் கோழிக்கு அத்தாட்சியாகாது. ஒரே நிறையுள்ள வெள்ளை முட்டைக்கும் பழுப்பு முட்டைக்கும் போஷணைச் சத்தில் நிறத்தால் வேற்றுமையில்லை. சங்கத்தின் நற்பெயர் நிற்க வேண்டுமானால், எந்த அங்கத்தினர் எந்த ஜாதிக் கோழியின் முட்டையை எந்தத் தேதியில் கொண்டுவந்தார் என்று பதிவு செய்து, அவ்விவரத்தைச் சொல்லியே விற்க வேண்டும்.

குஞ்சு வாங்குவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கிராமப்பிரியா, புறக்கடையில் சுமார் 160 முதல் 180 வரை பழுப்பு முட்டையிடும். முட்டை வியாபாரத்திற்கு இது ஏற்றது. ஆனால் அடைகாத்தலை இதனிடம் எதிர்பார்க்கலாகாது. நாட்டுக் கோழி என்று எண்ணி இதை வாங்கியவருக்கு அடுத்த வருஷம் குஞ்சு இராது. நாட்டுப் பேடுகளோடு கலக்கவிட்டால் அவற்றின் சந்ததியிலும் அடை குணம் குன்றும். அடைக்கு நாட்டுப் பேடுகளைத் தனியே காத்துவருவதே விவேகம்.

4. நிறம் திடீரென வெளுத்தால்

ஒரு கோழி எப்போதும் ஏறக்குறைய ஒரே நிற முட்டையே இடும். வயது முதிர்ந்து முட்டை பருக்கும்போது நிறம் சற்றே குறைவது இயல்பு. மிகுந்த வெயிலாலும், நாய், கீரிப்பிள்ளை முதலியவற்றால் உண்டாகும் அச்சத்தாலும் சில நாள் வெளுப்பதுண்டு. ஆனால் பல கோழிகளின் முட்டைகள் ஒருங்கே வெளுத்து, ஓடு மெலிந்தோ சுருங்கியோ காணப்பட்டால், வெள்ளைக் கழிச்சல் அல்லது சுவாச நோயின் அறிகுறியாயிருக்கக்கூடும். உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போடுதல் முறை.

ஓடு மட்டும் மெலிந்திருந்தால், கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வைத்தல் நலம். அது ஓட்டை உறுதிப்படுத்தும், நிறத்தை மாற்றாது.

5. அங்கத்தினர் நினைவிற் கொள்ள வேண்டியவை

அ. நிறம் தாய்க்கோழியின் வம்சத்தைக் காட்டும். முட்டையின் சத்தைக் காட்டாது.

ஆ. முட்டை பழையதா, புதியதா என்பதை நீரில் இட்டுப் பார்க்கவும். புதியது அடியிற் படுக்கும். நாட்பட்டது நிமிர்ந்து நிற்கும். மிதப்பதைத் தள்ளிவிட வேண்டும்.

இ. விற்கும் முட்டையைக் கழுவலாகாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் அழிந்து கிருமிகள் உட்புகும்.

ஈ. குஞ்சு வாங்குமுன் அதன் ஜாதியையும் அடை குணத்தையும் விசாரிக்கவும். ஐயமுள்ளோர் குருமாம்பேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்கலாம்.