கடலோரக் கிராமங்களின் பாதுகாப்பும் மரக்காப்பும்
பரங்கிப்பேட்டை ஆராய்ச்சி தரும் பாடம்

வங்காள விரிகுடாவை அடுத்துள்ள கடலூர் ஜில்லாவின் கரையோரக் கிராமங்கள் புயலுக்கும் கடற்பெருக்குக்கும் அடிக்கடி ஆளாகின்றவை என்பது யாவரும் அறிந்த விஷயமே. ஆயினும் 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி என்னும் பேரலை விளைவித்த நாசத்தைப் போன்றதை அக்கரையில் வாழ்ந்தோர் எவரும் அதற்குமுன் கண்டதில்லை. அன்று காலை சுமார் 6½ மணிக்குச் சுமத்ராத் தீவின் அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அதனால் எழுந்த அலை நம் கரையை அடைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு அவகாசம் இருந்தும், முன்னறிவிப்பு ஏதும் கிடையாமையால் தமிழ் நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டனர்.

ஒரே கரையில், ஒரே அலைக்கு உள்ளான ஊர்களுள் சில அடியோடு அழியவும், சில அதிக நஷ்டமின்றித் தப்பவும் காரணம் என்ன? இதை அறிவது கடலோரத்தில் நிலமும் வீடும் உடையோர் அனைவருக்கும் அவசியமாகும்.

ஆராய்ச்சியின் முறை

சிதம்பரத்தில் 1929-ம் ஆண்டு நிறுவப்பெற்ற அண்ணாமலை சர்வகலாசாலையின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம், வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் உள்ளது. அதைச் சேர்ந்த கதிரேசன், இராஜேந்திரன் ஆகிய இருவரும் அலை அடித்த பின்னர் 18 கடலோரக் குப்பங்களை ஆராய்ந்தனர். ஒவ்வொரு குப்பத்திலும் மாண்டோர் தொகை, பொருள் நஷ்டம், கடலுக்கும் வீடுகளுக்கும் இடையே உள்ள தூரம், ஊர் அமைந்த மேட்டின் உயரம், முன்னே நின்ற மரக்காட்டின் பரப்பு ஆகியவற்றைக் குறித்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டனர். தூரமும் உயரமும் மரப்பரப்பும் மிக மிக, உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் குறைந்தன என்பது 2005-ம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிவு. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேடான இடத்தில், அடர்ந்த மரக்காட்டின் பின்புறம் குடியிருப்புகளை அமைப்பதே நலம் என்றும் அவர்கள் கூறினர்.

எழுந்த ஆட்சேபம்

மறு ஆண்டில் கெர் முதலிய வேறு மூன்று விஞ்ஞானிகள் அதே கணக்கை மீண்டும் ஆராய்ந்து ஓர் ஆட்சேபம் எழுப்பினர். காட்டின் பின்னே உள்ள ஊர்கள் இயல்பாகவே கடலுக்குத் தூரத்திலும் மேட்டிலும் இருப்பவை. தூரமும் உயரமும் சமமாக உள்ள ஊர்களை மட்டும் ஒப்பிட்டால் காட்டினால் விளைந்த நன்மை தெளிவாகப் புலப்படவில்லை என்பது அவர்களுடைய வாதம்.

இவ்வாதத்தை விவசாயிகள் எளிதில் உணரலாம். ஒருவர் வடிகால் நன்றாயுள்ள மேட்டு வயலுக்குப் புதிய எரு இட்டு, நீர் தேங்கும் பள்ள வயலுக்கு இடாமல் விட்டு, மேட்டு வயல் அதிகம் விளைந்ததைக் கொண்டு எருவைப் புகழ்வாராயின், அப்புகழில் எவ்வளவு எருவுக்கு உரியது, எவ்வளவு நிலத்துக்கு உரியது என்பது விளங்காது.

அதே ஆண்டில் வெர்மாட், தம்பான்யா என்ற இருவர் வேறொரு கணக்கு முறையால் ஆராய்ந்து, காடு நஷ்டத்தைக் குறைத்தது உண்மையே என்று எழுதினர். ஆகவே மரங்களின் பங்கு எவ்வளவு என்பதில் மட்டுமே விஞ்ஞானிகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. உயரமும் தூரமும் காப்பவை என்பதை எத்தரப்பினரும் மறுக்கவில்லை.

மரங்கள் அலையைத் தடுக்கும் விதம்

கடலூர் ஜில்லாவிலேயே செய்யப்பட்டு 2005-ம் ஆண்டு வெளியான மற்றோர் ஆராய்ச்சியும் கவனிக்கத்தக்கது. அதில் ஆராயப்பட்ட கண்டல் காட்டை அடுத்த ஐந்து ஊர்களில், கடலோரத்தில் வெளிப்பட்டிருந்த இரண்டும் முழுதும் அழிந்தன. காட்டின் பின்னே இருந்த மூன்றும் சேதமின்றித் தப்பின. சவுக்குத் தோப்புகளின் நடுவே இருந்த ஐந்து ஊர்கள் ஓரளவு சேதத்தோடு பிழைத்தன. தோப்புகளில் கரையை ஒட்டிய முன் வரிசை மரங்களே வேரோடு சாய்ந்தன. நூறு சதுர மீட்டருக்கு 30 மரம் வீதம் 100 மீட்டர் அகலத்துக்கு நிற்கும் மரக்காப்பு, அலையின் அழுத்தத்தை 100-க்கு 90 பங்குக்கு மேல் குறைக்கக்கூடும் என்று கணித முறையில் மதிப்பிடப்பட்டுள்ளது. அம்மதிப்பு ஒரு கணக்கேயன்றி எல்லா அலைக்கும் உறுதிமொழி ஆகாது.

ஒடிசாவில் 1999-ம் ஆண்டு அடித்த பெரும்புயலைப் பற்றிச் சௌதாமினி தாஸ், வின்சென்ட் என்பவர்கள் கேந்திரபாரா ஜில்லாவில் நூற்றுக்கணக்கான கிராமங்களின் கணக்கை ஆராய்ந்து 2009-ம் ஆண்டு முடிவு வெளியிட்டனர். அகன்ற கண்டல் காடு உள்ள இடங்களில் மரணம் குறைந்தது. ஆனால் சர்க்கார் விடுத்த முன்னெச்சரிக்கை அதனினும் அதிக உயிர்களைக் காத்தது.

பிச்சாவரம் காடு அழிந்ததும் மீண்டதும்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 2,700 ஏக்கர் பரப்பில் உள்ள பிச்சாவரம் காட்டில் கண்டல், சுரபுன்னை, தில்லை முதலிய மரங்கள் வளர்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் இம்மரத்தால் வந்தது. இக்காட்டை முன்னாளில் கூப்பு கூப்பாக முழுதும் வெட்டியமையால், வெறுமையான தரை தாழ்ந்து தொட்டி போல் ஆயிற்று. உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, கோடையில் வற்றி, உப்பை மிகுத்தது. உப்பு மிகவே கன்றுகள் முளைக்கவில்லை.

இக்காரணத்தைக் கண்டறிந்த எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் கிராமவாசிகளோடும் சேர்ந்து, 1990-களில் தொடங்கி, மீன்முள் போன்ற அமைப்பில் பெரிய வாய்க்காலும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, வேலியேற்ற நீர் வந்து செல்ல வழி செய்தது. அதன் பின்னரே கன்றுகள் நிலைத்தன. நீரோட்டத்தைச் சரிசெய்யாமல் கன்று நடுவது வீண் செலவாகும்.

சவுக்குத் தோப்பு உடையோர் கவனத்திற்கு

சவுக்கு ஒரு சில ஆண்டுகளில் வெட்டி விற்கத்தக்க மரம். ஆதலின் கரையோர மணற்பாங்கில் அது ஒரு நல்ல வருமானம். ஆனால் தோப்பு முழுவதையும் ஒரே பருவத்தில் வெட்டினால், அந்த ஆண்டில் ஊர் காப்பின்றி நிற்கும். தோப்பைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒன்றை வெட்டும்போது அடுத்தது வளர்ந்து நிற்கும்படி செய்தல் நலம். கடல் பக்கத்து வரிசைகளைக் கடைசிவரை விட்டு வைக்க வேண்டும். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் முந்திரி, பலா, சவுக்கு ஆகிய மரங்களை மிகுதியாக வீழ்த்தியது. ஆகவே ஒரே மரத்தை நம்பாமல் பனை, புன்னை, பூவரசு இவற்றையும் கலந்து நடுவது உசிதம்.

கடல்நீர் புகுந்த வயலில் வரப்பை உயர்த்தி, மழைநீரையோ நல்ல பாசன நீரையோ தேக்கிப் பலமுறை வடித்து உப்பைக் கரைத்து நீக்க வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். மண்ணைப் பரிசோதித்துக் களர்த்தன்மை உண்டென்று அறிந்த பின்னரே ஜிப்ஸம் இட வேண்டும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

1. ஊரில் எந்தத் தெரு மேடு, எது பள்ளம், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றை அளந்து வரைபடமாக வைத்திருத்தல்.

2. புதிய வீட்டு மனைகளை மேட்டில் ஒதுக்குதல். மீன்பிடிப்போர் கரையை விட்டு வெகுதூரம் குடியேறுதல் எளிதன்று. படகும் வலையும் கரையருகே இருப்பினும், குடும்பத்தார் உறங்கும் வீடு மேட்டில் இருத்தல் வேண்டும்.

3. மனைக்கோ பாதைக்கோ கரையோர மணல் மேடுகளை வெட்டிச் சமப்படுத்துவதைத் தடுத்தல்.

4. ஹைதராபாத்தில் 2007-ம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட முன்னெச்சரிக்கை நிலையத்திலிருந்து வரும் செய்தி, இரவானாலும், கடைசி வீடு வரை எட்டும்படி ஆட்களை நியமித்தல். மேட்டுக்குச் செல்லும் வழியை ஆண்டுக்கு ஒரு முறையேனும் யாவரையும் நடந்து பழகச் செய்தல்.

மரக்காப்பு உண்டென்ற தைரியத்தால் எச்சரிக்கையைப் புறக்கணிப்பது ஆபத்து. எச்சரிக்கை வருமென்ற நம்பிக்கையால் மரத்தை அழிப்பதும் அத்தகையதே. எச்சரிக்கை மனிதரைக் காக்கும். வயலையும் வீட்டையும் எழுந்து ஓடச் செய்யாது. மேடு, தூரம், மரம், முன்னறிவிப்பு ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த கிராமமே கடலின் அருகில் அச்சம் குறைந்து வாழும்.