முன்சக்கர மின்மோட்டார் பூட்டிய சைக்கிள்: சக்தியும் வலுவும்



2022 இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் மீண்டும் சைக்கிளை நாடினர். ஆனால் ஹட்டன், நுவரெலியா போன்ற மலைப் பிரதேசங்களில் ஏற்றமே பெரிய தடையாகும். சாதாரண சைக்கிளின் முன்சக்கரத்தில் மோட்டார் பூட்டினால் ஏற்றம் ஏறலாமா? பணம் செலவிடுமுன் இதனைக் கணித்துப் பார்க்கலாம்.

1. அமைப்பு

முன்சக்கரத்தைக் கழற்றி, மையத்தில் மோட்டார் உள்ள சக்கரத்தைப் பூட்டுவர். பற்றரி, கட்டுப்படுத்தி, வேகப்பிடி, பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் ஆளி என்பன ஏனைய பகுதிகள். இக்கருத்து புதியதன்று. 1895 இல் அமெரிக்காவில் ஒக்டன் போல்டன் என்பவர் பின்சக்கர மையத்தில் மோட்டார் உள்ள சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார்.

சக்தி மாற்றம்: இரசாயன சக்தி → மின்சக்தி → இயக்க சக்தி → அழுத்த சக்தி (மேலே ஏறும்போது).

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் கீழிறங்கி விமலசுரேந்திர மின்நிலையத்தில் மின்சாரமாகிறது. அங்கு அழுத்த சக்தி மின்சக்தியாகிறது. ஏற்றத்தில் செல்லும் சைக்கிளிலோ மின்சக்தி அழுத்த சக்தியாகிறது.

2. செய்துகாட்டிய கணக்கு

நானு ஓயா புகையிரத நிலையத்திலிருந்து நுவரெலியா நகரம் ஏறத்தாழ 250 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆளும் சைக்கிளும் சேர்ந்த திணிவு 100 கிலோகிராம் எனவும், புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனவும் கொள்க. உராய்வைப் புறக்கணிக்க.

தேவையான சக்தி = திணிவு × ஆர்முடுகல் × உயரம்
= 100 × 10 × 250
= 2,50,000 யூல்

36 வோல்ற்று, 10 அம்பியர் மணி பற்றரியிலுள்ள சக்தி
= 36 × 10 × 3,600
= 12,96,000 யூல்

வினைத்திறன் 60% எனக் கொண்டாலும் பற்றரியில் மூன்றிலொரு பங்கு கூடச் செலவாகாது. எனவே சக்தி போதும்.

இனி வலுவைப் பார்ப்போம். 10 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் சரிவில் 250 வாற்று மோட்டார் மட்டும் இயங்கினால், செக்கனுக்கு 0.25 மீற்றர் உயரமே ஏறலாம். பாதை வழியே வேகம் செக்கனுக்கு 2.5 மீற்றர், அதாவது மணிக்கு 9 கிலோமீற்றர். சைக்கிளின் கியரை மாற்றினாலும் மோட்டாருக்கு உதவி கிடையாது. ஏனெனில் மோட்டார் சங்கிலியுடன் தொடர்புபடுவதில்லை. மெதுவாகச் சுழலும்போது மின்சக்தியின் பெரும்பங்கு வெப்பமாகி மோட்டார் சூடேறும். ஆகவே மிதிக்கவும் வேண்டும். மிதித்து 100 வாற்று சேர்த்தால் வேகம் மணிக்கு 12.6 கிலோமீற்றராகும்.

நினைவிற் கொள்க: எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைச் சக்தியும், எவ்வளவு விரைவாக ஏறலாம் என்பதை வலுவும் தீர்மானிக்கும். பரீட்சையில் இவ்விரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

3. பாதுகாப்பு

• மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும்போது அதன் அச்சு எதிர்த்திசையில் திரும்ப முயலும். நட்டை இறுக்குவது மட்டும் போதாது. அச்சைத் திரும்பவிடாது பிடிக்கும் உருக்குத் தகடும் பூட்டுதல் வேண்டும். இல்லையேல் சக்கரம் கழன்று விழலாம். உருக்குக் கவை உகந்தது. அலுமினியக் கவை வெடிக்கக்கூடும்.
• மழையிலும் பனிமூட்டத்திலும் நனைந்த பாதையில் முன்சக்கரம் வழுக்கும். வேகப்பிடியை மெதுவாகத் திருப்புக.
• மோட்டாரும் பற்றரியும் சேர்வதால் திணிவு கூடும். எனவே இறக்கத்தில் இரு பிரேக்குகளும் நன்கு பிடிக்க வேண்டும். ஏறுவதற்கு மோட்டார் வாங்குமுன் இறங்குவதற்குப் பிரேக்கைச் சரிசெய்க.

4. பயிற்சி

(அ) மேற்கூறிய பாதையில் மொத்தத் திணிவு 120 கிலோகிராம் எனின், 250 வாற்று மோட்டார் மட்டும் இயங்கி ஏற எவ்வளவு நேரம் எடுக்கும்?
(ஆ) செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் எளிதில் வழுக்குவது ஏன்?

விடைகள்

(அ) 120 × 10 × 250 = 3,00,000 யூல்; 3,00,000 ÷ 250 = 1,200 செக்கன் = 20 நிமிடம்.
(ஆ) ஏற்றத்தில் நிறையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் தங்கும். முன்சக்கரம் பாதையை அழுத்தும் விசை குறைவதால் உராய்வு விசையும் குறையும்.