கண்ணுக்குச் சத்து மாத்திரை: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

அறுபதைத் தாண்டிய பெற்றோரைக் கண் பரிசோதனைக்கு அழைத்து வரும் பிள்ளைகள் பலர், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் பெரிய டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கும். பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று அப்பாவும் தினம் ஒன்று விழுங்கிக்கொண்டிருப்பார். கண் மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். பிள்ளைகளின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணில் என்ன நோய் என்றே தெரியாமல் வாங்கிய மாத்திரை பெரும்பாலும் வீண், சிலருக்குக் கெடுதல்.

சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்புரைக்கு அறுவை சிகிச்சைதான் வழி. கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து, தேவைப்பட்டால் லேசர் அல்லது அறுவை. சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் சுகரும் பிரஷரும் கட்டுக்குள் வர வேண்டும், லேசரோ ஊசியோ காலத்தில் நடக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் சத்து மாத்திரை மாற்றாகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி நிஜமாகவே எழுவது மாகுலா சிதைவில். விழித்திரையின் நடுவே இருக்கும் சிறு பகுதி மாகுலா. நாம் எழுத்தைப் படிப்பதும் எதிரே நிற்பவரின் முகத்தை அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான். உடம்பில் ஆக்ஸிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அங்கே வெளிச்சமும் ஓயாமல் விழுகிறது, செல்களின் சவ்வில் சீக்கிரம் கெடக்கூடிய கொழுப்பும் நிறைந்திருக்கிறது. திறந்து வைத்த கடலை எண்ணெய் நாள்பட்டால் காறிப்போகிறதே, ஏறக்குறைய அதே வினைதான் அங்கேயும் நடக்கிறது. இதைத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். இளம் வயதில் உடம்பே இதைச் சமாளித்துக்கொள்ளும். வயதாக ஆக, கழிவு விழித்திரைக்கு அடியில் மஞ்சள் புள்ளிகளாகப் படியத் தொடங்கும். ட்ரூசன் என்று மருத்துவர் எழுதுவது இதைத்தான்.

அப்படியானால் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்தைக் கொடுத்தால் கண் பிழைத்துவிடுமே என்று யாருக்கும் தோன்றும். கேட்பதற்குச் சரியாக இருப்பதால்தான் இவ்வளவு டப்பாக்கள் விற்கின்றன. ஆனால் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தபோது கிடைத்த பதில் இவ்வளவு தாராளமானதல்ல.

அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏ.ஆர்.இ.டி.எஸ். என்ற பெரிய ஆய்வின் முடிவு 2001-இல் வந்தது. அதில் தினமும் கொடுத்தது வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் இ 400 யூனிட், பீட்டா கரோட்டின் 15 மி.கி., ஜிங்க் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி. நோய் நடுநிலையில் இருந்தவர்களிலும் ஒரு கண்ணில் முற்றியிருந்தவர்களிலும், வெற்று மாத்திரை எடுத்த 100 பேரில் சுமார் 28 பேருக்கு 5 ஆண்டில் நோய் முற்றியது. சத்து மாத்திரை எடுத்த 100 பேரில் அது சுமார் 20. உண்மையான பலன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு அந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. கண்புரையையும் அது தடுக்கவில்லை. போன பார்வை யாருக்கும் திரும்பவில்லை. டப்பாவின் மேல் அச்சிட்ட பெரிய எழுத்தில் இவை எதுவும் இருப்பதில்லை.

நம் ஊர்ச் சாப்பாட்டில் சத்து குறைவு, அதனால் நமக்குப் பலன் கூடுதலாக இருக்கும் என்பார்கள். கண்புரை விஷயத்தில் அதையும் சோதித்தாயிற்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் சேர்ந்து தென்னிந்தியக் கிராமத்து மக்களிடம் ஐந்தாண்டு நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. சுமார் 800 பேர், எல்லோரும் 35 முதல் 50 வயதுக்குள். பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, இ மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். புரை வளர்வது வளர்ந்துகொண்டேதான் இருந்தது. புரை கரையும் என்று யாராவது மாத்திரை விற்றால், இந்த ஓர் ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

பீட்டா கரோட்டின் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அது 1994-இல் தெரிந்த செய்தி. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வை இதே காரணத்தால் பாதியில் நிறுத்தினார்கள். 2013-இல் முடிவு வந்த ஏ.ஆர்.இ.டி.எஸ். 2 ஆய்விலும் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய இருமடங்கு. புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் புகைத்துப் பிறகு விட்டவர்கள். அதனால் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி. சேர்த்தார்கள். இன்று மருத்துவர்கள் எழுதுவது அந்தச் சேர்க்கையைத்தான். மீன் எண்ணெய்ச் சத்தையும் அதே ஆய்வில் சேர்த்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. இருபது வருடம் பீடி குடித்து விட்டவர் 'நான்தான் விட்டுவிட்டேனே' என்று சொல்லிக்கொண்டு பழைய டப்பாவைத் தொடரக் கூடாது.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒரு சிறு பெட்டிக்குள் பொடி எழுத்தில் அளவுகள் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய இடம் அதுதான். இங்கே விற்கும் பலவற்றில் ஆய்வில் கொடுத்த அளவு இருக்காது. பதிலாக ஏழெட்டுப் பழங்களின் சாறு என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். இந்தியாவில் இந்த டப்பாக்களில் பெரும்பாலானவை மருந்து உரிமத்தில் விற்கப்படுவதில்லை, உணவு உரிமத்தில்தான் விற்கப்படுகின்றன. அளவு சரியாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஜிங்க் அதிகமானால் உடம்பில் தாமிரம் குறைந்து சோகை வரலாம்; தாமிரத்தைச் சேர்த்ததே அதற்காகத்தான். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுகிறவர் வைட்டமின் இ எடுக்கும்முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லூட்டின் கீரையில் நிறைய உண்டு. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி எதுவானாலும் சரி. அது கொழுப்பில் கரையும் சத்து, எண்ணெய் விட்டுத் தாளித்துச் சமைத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். முட்டை மஞ்சள் கருவில் இருப்பது இன்னும் எளிதாகச் சேரும். கரோட்டினாய்டு சத்துள்ள காய்கீரையை அதிகம் சாப்பிட்டவர்களிடம் மாகுலா நோய் 43 சதவீதம் குறைவாக இருந்ததை 1994-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அது சோதனை அல்ல, ஒப்பிட்டுப் பார்த்ததுதான். இருந்தாலும் என் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்வது கீரையைத்தான். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். புகையிலையை நிறுத்துவது இவை எல்லாவற்றுக்கும் மேலே.

பொறுமை வேண்டும். சோதனையில் கண்ட பலன் ஐந்து வருடத்தில் தெரிந்தது. 'ஒரு மாதம் சாப்பிட்டேன், தெளிவாகத் தெரியவில்லையே' என்று டப்பாவை மாற்றிக்கொண்டே போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இந்த மாத்திரையின் வேலை இருப்பதைக் காப்பது. பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணும் உங்கள் கண்ணும் ஒன்றல்ல. அவருக்கு ஒத்தது உங்களுக்கு ஒத்துவரும் என்று எந்த உறுதியும் கிடையாது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். என் நோயின் பெயர் என்ன, எந்த நிலையில் இருக்கிறது, இந்த மாத்திரை அந்த நிலைக்கு உரியதா? கூடவே கட்டம் போட்ட சோதனைத் தாள் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியைப் பாருங்கள். பிறகு மற்றக் கண். கோடு வளைந்தோ நடுவில் மறைந்தோ தெரிந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். மாகுலாவில் ரத்தக்கசிவு தொடங்கினால் சீக்கிரம் போடும் ஊசிதான் பார்வையைக் காப்பாற்றும்.