விடையோடு பக்கத்தையும் காட்டுங்கள்

அரச கந்தோரில் புதிதாகச் சேர்ந்தவர் லீவைப் பற்றியோ இடர்கடனைப் பற்றியோ கேட்டால், வாயால் மட்டும் விடை சொல்லி அனுப்பாதீர்கள். தாபன விதிக்கோவையில் லீவுக்கு 12ஆம் அத்தியாயம், கடனுக்கு 24ஆம் அத்தியாயம். பக்கத்தை எடுத்துக் கொடுத்து அவரையே வாசிக்க விடுங்கள். ஒரு பிரதி எல்லோர் கைக்கும் எட்டட்டும்; அலுமாரியில் பூட்டிவைத்தால், திறப்பு வைத்திருப்பவர் லீவில் நிற்பார்!

வட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கையைப் போடும்போது இலக்கம், திகதி, விடயம் மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். வெறும் படமாகப் போட்டால் பிறகு தேடி எடுக்க ஏலாது. திருத்தம் வந்திருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கி மாணவருக்குக் கொடுத்தார். அதுபோல நீங்களும் புதியவர் பார்த்துப் பழக, அடிக்கடி தேவைப்படும் படிவமொன்றை நிரப்பி மாதிரிக்குக் கோப்பில் போடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்.