புதிய துவக்கிற் பழுது காணப்படின் பொறுப்பு யாருடையது?

காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி முதலிய விலங்குகளாற் சேனைப்பயிருக்கும் மரவள்ளி, சோளம் ஆகியவற்றுக்கும் உண்டாகும் சேதத்தைக் கமக்காரர் நன்கறிவர். ஓரிரவிற் புகுந்த பன்றிக்கூட்டம் பல மாத உழைப்பை அழித்துவிடக்கூடும். ஆதலால் வேலியோடும் காவலோடும் நில்லாது, அனுமதிப்பத்திரம் பெற்றுப் பயிர்ப்பாதுகாப்புக்கெனத் துவக்கு வாங்குவோரும் உளர். அவ்வாறு வாங்கிய புதிய துவக்கு பழுதுடையதெனக் காணப்பட்டால் என்செய்வது? விற்றவரிடம் கொண்டுசெல்வதா, செய்த தொழிற்சாலைக்கு எழுதுவதா, ஊர்க்கொல்லரிடம் கொடுப்பதா? விற்றவரே அதனைப் பொறுப்பேற்றல் வேண்டும் என்பதும், அதன்பொருட்டுக் கமக்காரர் செய்யவேண்டியவை எவை என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

பழுதின் தன்மை

மண்வெட்டியின் பிடி கழன்றால் வேலை நிற்கும். துவக்கின் பழுதோ உயிரையே போக்கும். தோட்டா வெடிக்கும்போது குழலின் பின்வாயில் எழும் அழுத்தம் வளியழுத்தத்தைப்போற் பலநூறு மடங்காகும். சுடுபவரின் முகம் அப்பின்வாயிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்திலேயே இருக்கின்றது.

இவ்வபாயத்தைத் தடுத்தற்காகவே பல நாடுகளிற் சோதனைச் சாலைகள் அமைக்கப்பட்டுள்ளன. பேர்மிங்காம் நகரிலுள்ள சாலை 1813ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. வழக்கமான தோட்டாவிலும் அழுத்தம் மிகுந்த தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டுமே அங்கு முத்திரை இடப்படும். ஆயினும், அம்முத்திரை குழலின் வலிமைக்கே சான்றாகும். விசை, தடைவிசை முதலியவை என்றும் ஒழுங்காக இயங்கும் என்பதற்கு அது சான்றாகாது.

ஐக்கிய அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பனி, 2006ஆம் ஆண்டு மே மாதம் முதல் 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் வரை செய்த 700ஆம் மாதிரித் துவக்குகள் பலவற்றைத் திருத்தத்துக்காக 2014இல் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. விசைப்பொறியைப் பூட்டும்போது பூசிய ஒட்டுப்பொருள் மிகுந்துபோனமையால், விசையை இழுக்காமலே துவக்கு வெடிக்கக்கூடும் என்பது அறியப்பட்டதே காரணமாகும். இத்தகைய பழுதை வாங்குபவர் கண்ணாற் பார்த்து அறிதல் இயலாது.

விற்பனையாளர் ஏன் ஏற்கவேண்டும்?

"பெட்டியில் வந்தபடியே கொடுத்தேன், செய்தவன் குற்றத்துக்கு நான் பொறுப்பல்லேன்" என விற்பனையாளர் கூறலாம். இதில் ஓரளவு நியாயம் உண்டு. பழுதை உண்டாக்கியவர் அவரல்லர். திருத்தத்தால் அவருக்கு இலாபமும் இல்லை. ஆயினும் மூன்று காரணங்களால் அக்கூற்று நிலைக்கமாட்டாது.

முதலாவது, கமக்காரர் பணம் கொடுத்தது அவரிடமே. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒருவகைப் பொருளை வாணிகமாக விற்பவரிடம் அப்பொருளைப் பெயர்கூறி வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரமுடையதாயிருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாகும். 

இரண்டாவது, துவக்கு ஏனைய பொருள்களைப் போன்றதன்று. அமெரிக்காவில் உரிமையாளர் ஒருவர் தம் துவக்கைத் திருத்துவதற்காகத் தொழிற்சாலைக்கு நேரே அனுப்பச் சட்டம் இடமளிக்கின்றது. கடல் கடந்த நாட்டிற் செய்த துவக்கை வாங்கிய நம் கமக்காரருக்கு அவ்வழி இல்லை. இறக்குமதி செய்தவரோடும் அவர்வழியே தொழிற்சாலையோடும் தொடர்புள்ளவர் விற்பனையாளரே.

மூன்றாவது, ஒரு கமக்காரர் கண்ட பழுது மற்றவர் வாங்கிய அதேவகைத் துவக்கிலும் இருக்கலாம். விற்பனையாளர் அதனை ஏற்று மேலிடத்துக்கு அறிவித்தாலன்றிப் பிறர் எச்சரிக்கப்படார். அவர் தம் செலவை இறக்குமதியாளரிடம் கேட்டுப்பெறலாம். கண்ணிழந்த கமக்காரர் யாரிடம் கேட்பார்?

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

மேற்கூறிய சட்டம் ஒரு வரம்பையும் விதிக்கின்றது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருப்பின், அச்சோதனையில் வெளிப்பட்டிருக்கவேண்டிய குறைக்கு அந்நிபந்தனை செல்லாது. ஆகவே கடையிலேயே, தோட்டா இல்லையென்பதை உறுதிசெய்தபின், பின்வருவனவற்றை ஆராய்தல் வேண்டும்:

1. குழலின் வெளிப்புறத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால் வீக்கமோ நெளிவோ காணப்படலாகாது. உட்புறம் பளபளப்பாக இருத்தல் வேண்டும்.
2. மடித்துத் திறக்கும் துவக்காயின், மூடியபின் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வெளிச்சம் தெரியலாகாது, ஆட்டமும் இருத்தலாகாது.
3. தடைவிசை போட்டிருக்கும்போது விசை இயங்கலாகாது.
4. கட்டையில் வெடிப்பு இருத்தலாகாது.
5. துவக்கிற் பொறித்த இலக்கம், பற்றுச்சீட்டு, அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும்.

இன்ன பயிரை இன்ன விலங்கிலிருந்து காக்கவே வாங்குகிறோம் என விற்பனையாளரிடம் முன்னரே தெரிவித்தல் நன்று. "திரும்ப ஏற்கப்படமாட்டாது" என்பது போன்ற வாசகம் பற்றுச்சீட்டில் உண்டோவென வாசித்தபின்னரே கையொப்பமிடுக.

பழுது கண்டபின் செய்யவேண்டியவை

விசை இழுத்தும் தோட்டா வெடிக்காவிடின் உடனே திறத்தலாகாது. குழலை ஆபத்தற்ற திசையில் நீட்டியபடி அரை நிமிடமாவது பொறுத்திருந்து, பின்னரே தோட்டாவை அகற்றுக. சில தோட்டாக்கள் காலந்தாழ்த்தி வெடிக்கும். வேறு தோட்டாவிலும் அவ்வாறே நேரின் மேலும் சுடாது நிறுத்துக.

வீட்டில் அதனைக் கழற்றுதலும், உரிமம் இல்லாதவரிடம் திருத்தக் கொடுத்தலும் கூடா. கைபட்ட துவக்கில் எது பிறவிக்குறை, எது பின்வந்த குறை என்பதைக் காட்டுதல் அரிது. தோட்டா அகற்றிய துவக்கை அனுமதிப்பத்திரத்துடனும் பற்றுச்சீட்டுடனும் விற்பனையாளரிடம் தாமே கொண்டுசென்று, இலக்கமும் பழுதும் தேதியும் குறித்த சீட்டைப் பெற்றுக்கொள்க. பதிலாக வேறு துவக்குத் தரப்படின், அதன் இலக்கம் அனுமதிப்பத்திரத்தில் மாற்றப்படுமுன் அதனை வீட்டுக்குக் கொண்டுவருதல் கூடாது.

விற்பனையாளர் ஏற்க மறுப்பின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, விற்பனை நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் முறையிடலாம்.

விற்பனையாளர் பொறுப்பல்லாதவை

குழலிற் சேறு புகுந்தோ குளவி கூடுகட்டியோ அடைத்திருக்க, அதைப் பாராது சுட்டமையாற் குழல் வீங்கினால் அது கமக்காரர் குற்றமே. 12ஆம் இலக்கத் துவக்கில் 20ஆம் இலக்கத் தோட்டாவை இடுதலும் அத்தகையதே. சிறிய தோட்டா உள்ளே வழுக்கிச்சென்று குழலில் நிற்கும். அதன்பின் சரியான தோட்டாவை இட்டுச் சுட்டாற் குழல் வெடித்துச் சிதறும். இத்தகைய நட்டத்தை விற்பனையாளர் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று.

தம் கவனக்குறைவைக் கமக்காரர் ஒப்புக்கொள்ளவும், பிறவிக்குறையை விற்பனையாளர் தயங்காது ஏற்கவும் வேண்டும். ஐயத்துக்குரிய துவக்கோடு ஓரிரவும் காவலுக்குச் செல்லற்க. அழிந்த பயிரை அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம். இழந்த கையும் கண்ணும் மீளா.